ஏதுவும் போலியும்

நுழையும்முன்

புதிய செய்தி ஒன்றைக் கேட்டதும் நம்பிவிடுவது எளிது. கேட்டதும் மறுத்துவிடுவதும் எளிது. 'இதற்குச் சான்று யாது?' என்று வினவி, விடை கிடைக்கும்வரை காத்திருப்பதே கடினம். அறை வெப்பநிலையில் இயங்கும் மீக்கடத்தி கிடைத்துவிட்டது என்னும் அறிவிப்பு அண்மை ஆண்டுகளில் பலமுறை எழுந்தது. ஒவ்வொரு முறையும் அதனை அறிவியலாளர்கள் எவ்வாறு சோதித்தனர் என்பதைப் பெரம்பலூர், அரியலூர் மண்ணிலிருந்து தொடங்கி இப்பாடம் ஆராய்கிறது.

குன்னத்து உருண்டைகள்

2020ஆம் ஆண்டு அக்டோபர் மாதம், பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் குளம் ஒன்றில் மண் எடுத்தபோது பெரிய உருண்டைக் கற்கள் பல வெளிப்பட்டன. 'டைனோசர் முட்டைகள் கிடைத்துவிட்டன' என்னும் செய்தி படங்களுடன் கைப்பேசிகளில் விரைந்து பரவியது. ஊர்மக்கள் அவற்றைக் காணத் திரண்டனர்.

மக்கள் அவ்வாறு எண்ணியதில் வியப்பில்லை. பல கோடி ஆண்டுகளுக்கு முன், கிரெட்டேசியஸ் காலத்தில், இன்றைய பெரம்பலூர், அரியலூர் நிலத்தின் பெரும்பகுதியைக் கடல் மூடியிருந்தது. அக்கடல் விட்டுச்சென்ற சுண்ணாம்புக்கல்லை நம்பியே இன்று அரியலூரில் சிமெண்ட் ஆலைகள் இயங்குகின்றன. சுருள் ஓடுடைய அம்மோனைட் என்னும் கடலுயிரியின் புதைபடிவங்கள் இங்கு ஏராளமாகக் கிடைக்கின்றன. சாத்தனூரில் ஏறத்தாழ 18 மீட்டர் நீளமுள்ள கல்மரம் கிடக்கிறது. அதனை 1940இல் நிலவியல் அறிஞர் எம். எஸ். கிருஷ்ணன் உலகறியச் செய்தார். அரியலூர் மாவட்டம் கல்லமேட்டில் டைனோசர் எலும்புகளும் கிடைத்துள்ளன. மரம் கல்லான மண்ணில், எலும்பு கிடைத்த நாட்டில், முட்டையும் கிடைக்கலாம் அல்லவா?

நிலவியல் அறிந்தோர் வந்து ஆராய்ந்தனர். அவை முட்டைகள் அல்ல, அம்மோனைட்டைச் சுற்றிப் படிவுகள் திரண்டு இறுகிய உருண்டைகள் என்று விளக்கினர். கடலடிச் சேற்றில் புதையும் ஓடு போன்ற ஒரு பொருளை நடுவாகக் கொண்டு, கரைந்த கனிமங்கள் மண்துகள்களைப் பிணைக்கும். அப்பிணைப்பு எல்லாப் பக்கமும் ஏறத்தாழச் சமமாகப் பரவுவதால் உருண்டை வடிவம் உண்டாகும். முட்டையாயின் வெளியே மெல்லிய ஓடு இருக்கும்; அவ்வோட்டில் காற்றுப் புகும் நுண்துளைகளும் அதற்கே உரிய படிக அமைப்பும் நுண்ணோக்கியில் தெரியும். வடிவத்தைக் கண்டு முடிவு செய்தவர்கள் ஓட்டைத் தேடவில்லை.

இப்பிழைக்குத் தமிழில் ஒரு பெயர் உண்டு. சீத்தலைச் சாத்தனார் இயற்றிய மணிமேகலையில், அறவண அடிகள் மணிமேகலைக்கு அளவை நூலைக் கற்பிக்கிறார். ஒரு கருத்தை நிலைநாட்டக் காட்டப்படும் காரணம் 'ஏது' எனப்படும். மலையில் நெருப்பு உண்டு என்பதற்குப் புகையை ஏதுவாகக் காட்டுவர். ஏதுவைப் போலத் தோன்றிக் கருத்தை நிலைநாட்டாமல் ஒழிவது 'ஏதுப்போலி'. அதன் வகைகளுள் ஒன்று 'அநைகாந்திகம்'. நாம் நாட்ட விரும்பும் பொருளிடத்தும் அதற்கு மாறான பொருளிடத்தும் காணப்படும் ஏது, இரண்டில் எதையும் உறுதி செய்யாது என்பது அதன் கருத்து. உருண்டை வடிவம் முட்டைக்கும் உண்டு. முட்டையல்லாத கல்லுக்கும் உண்டு. ஆதலின் 'உருண்டையாக இருத்தலால் முட்டை' என்பது அநைகாந்திகம். இந்த ஒரு சொல்லை மனத்திற்கொண்டு மீக்கடத்தியின் கதைக்குச் செல்வோம்.

மீக்கடத்தி என்பது யாது?

கம்பியில் மின்னோட்டம் பாயும்போது எலக்ட்ரான்கள் அதிரும் அணுக்களாலும் மாசுகளாலும் சிதறடிக்கப்பட்டு ஆற்றலை இழக்கின்றன. இதுவே மின்தடை. கம்பி சூடாவதும் மின்னாற்றலில் ஒரு பகுதி வழியிலேயே வீணாவதும் இதனால்தான்.

1911இல் நெதர்லாந்து நாட்டின் லைடன் நகரில், ஹைக்கே கமெர்லிங் ஆன்னஸ் என்னும் இயற்பியலாளர் திரவ ஹீலியத்தைக் கொண்டு பாதரசத்தைக் குளிர்வித்தார். 4.2 கெல்வின் வெப்பநிலையில், அதாவது சுழிக்குக் கீழ் ஏறத்தாழ 269 டிகிரி செல்சியசில், அதன் மின்தடை திடீரென மறைந்தது. இப்பண்பே மீக்கடத்துத்திறன்; இது தோன்றும் வெப்பநிலை மாறுநிலை வெப்பநிலை எனப்படும். 1933இல் வால்தர் மைஸ்னர், ராபர்ட் ஆக்சன்ஃபெல்டு ஆகிய ஜெர்மானிய அறிவியலாளர்கள் மற்றொரு பண்பைக் கண்டனர். மீக்கடத்தி தன்னுள் இருக்கும் காந்தப்புலத்தை வெளியே தள்ளிவிடுகிறது. இது மைஸ்னர் விளைவு.

இன்று மருத்துவமனைகளில் உடலின் உள்ளுறுப்புகளைப் படம்பிடிக்கும் எம்ஆர்ஐ கருவியின் வலிய காந்தம் மீக்கடத்திக் கம்பியால் ஆனது. அதனைக் குளிர்விக்க விலைமிக்க திரவ ஹீலியம் வேண்டும். குளிர்விக்கத் தேவையில்லாத மீக்கடத்தி கிடைக்குமானால் இக்கருவியின் செலவு குறையும். மின்சாரத்தை இழப்பின்றி நெடுந்தொலைவு கொண்டுசெல்லலாம். அதனாலேயே அறை வெப்பநிலை மீக்கடத்தி பற்றிய ஒவ்வோர் அறிவிப்பும் உலகின் ஆவலைத் தூண்டுகிறது.

அத்தகைய ஆவல் வீண் கனவன்று. 1986இல் சூரிச் நகரில் ஜார்ஜ் பெட்நோர்ஸ், அலெக்ஸ் முல்லர் ஆகியோர், லாந்தனமும் பேரியமும் தாமிரமும் கலந்த ஆக்சைடு ஒன்று 30 கெல்வின் அளவில் மீக்கடத்தியாகத் தொடங்குவதாக அறிவித்தனர். மட்பாண்டம் போன்ற ஒரு பொருளில் இப்பண்பைப் பலரும் எதிர்பார்க்கவில்லை. அவர்களே தம் கட்டுரையின் தலைப்பில் 'இருக்கக்கூடும்' என்னும் பொருள்படும் சொல்லைச் சேர்த்திருந்தனர். டோக்கியோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அப்பொருளைத் தாமே செய்து பார்த்து, அவ்வாண்டு முடிவதற்குள் உறுதிப்படுத்தினர். மறு ஆண்டே நோபல் பரிசு கிடைத்தது. 1987இல் இட்ரியம் பேரியம் தாமிர ஆக்சைடு 93 கெல்வினில் மீக்கடத்தியாவது கண்டறியப்பட்டது. இது திரவ நைட்ரஜனின் கொதிநிலையாகிய 77 கெல்வினைவிட மிகுதி. 2015இல் ஹைட்ரஜன் சல்பைடு 203 கெல்வினில் மீக்கடத்தியாவதாக ஜெர்மனியின் மைன்ஸ் நகர ஆய்வாளர்கள் காட்டினர். ஆனால் அதற்கு வளிமண்டல அழுத்தத்தைப்போல் ஏறத்தாழ 15 இலட்சம் மடங்கு அழுத்தம் வேண்டியிருந்தது. எனவே 'இது நடக்கவே நடக்காது' என்று எவரும் கூறிவிட முடியாது. சோதித்துத்தான் கூற வேண்டும்.

சோதனைகள்

முதற்சோதனை மின்தடை பற்றியது. மிகச் சிறிய மின்தடையை அளக்க நான்கு முனை முறையைக் கையாள்வர். மாதிரியின் மேல் நான்கு கம்பிகளை வரிசையாக இணைத்து, வெளிப்புற இரண்டின் வழியே மின்னோட்டம் செலுத்தி, உட்புற இரண்டுக்கும் இடையிலான மின்னழுத்தத்தை அளப்பர். இதனால் கம்பிகளின் மின்தடையும் இணைப்புகளின் மின்தடையும் கணக்கில் சேர்வதில்லை. ஆயினும் இம்முறையிலும் ஏமாற்றம் நேரலாம். மாதிரியில் நுண்விரிசல் இருந்து, மின்னோட்டம் உட்புற முனைகளைத் தொடாமல் வேறு வழியே சென்றுவிட்டால், மின்தடை இருக்கும்போதே கருவி சுழியைக் காட்டும். மேலும், எந்தக் கருவிக்கும் ஓர் எல்லை உண்டு. 'மின்தடை சுழி' என்று கருவி கூறுவதன் பொருள், 'என்னால் அளக்க இயலாத அளவு சிறியது' என்பதே.

இரண்டாம் சோதனை காந்தம் பற்றியது. காந்தத்தின் மேல் ஒரு பொருள் மிதப்பது கண்ணைக் கவரும் காட்சி. ஆனால் மெல்லிய கிராஃபைட் தகடும் வலிய காந்தங்களின் மேல் மிதக்கும். அது மீக்கடத்தி அன்று. காந்தத்தை விலக்கும் பண்பு பல பொருள்களுக்குச் சிறிதளவு உண்டு. அவற்றின் காந்த ஏற்புத்திறன் சுழிக்குச் சற்றே கீழே நிற்கும். நிறைவான மீக்கடத்திக்கோ அது கழித்தல் ஒன்று. எனவே 'விலக்குகிறதா?' என்பது போதாது, 'எவ்வளவு விலக்குகிறது?' என்று கேட்க வேண்டும். மேலும், காந்தப்புலத்தில் வைத்துக்கொண்டே மாதிரியைக் குளிர்விக்க வேண்டும். மாறுநிலை வெப்பநிலைக்குக் கீழே வந்ததும், ஏற்கெனவே உள்ளே இருந்த புலம் வெளியே தள்ளப்படுகிறதா என்று பார்க்க வேண்டும். மின்தடை மட்டும் இல்லாத ஒரு கற்பனைக் கடத்தி உள்ளிருக்கும் புலத்தை அப்படியே வைத்துக்கொள்ளும். மீக்கடத்தி ஒன்றே அதனை வெளியேற்றும்.

மூன்றாவது, மாதிரியில் உள்ளது யாது என்னும் சோதனை. எக்ஸ் கதிர்களைச் செலுத்தி, அவை சிதறும் கோணங்களைக் கொண்டு, மாதிரியில் எந்தெந்தப் படிகங்கள் உள்ளன என்று அறியலாம். கண்ட விளைவு ஆய்வுக்குரிய பொருளால் வந்ததா, உடன் கலந்த மாசினால் வந்ததா என்பதை இதன் துணையோடு பிரித்தறிவர்.

நான்காவது, பிறர் செய்து பார்த்தல். ஓர் ஆய்வகத்தில் மட்டும் தோன்றி வேறெங்கும் தோன்றாத விளைவை அறிவியல் ஏற்பதில்லை.

பெங்களூருவில் எழுந்த வினா

2018 ஜூலையில், பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த தேவ் குமார் தாபா, அன்ஷு பாண்டே ஆகிய இருவர் ஓர் ஆய்வுக் கட்டுரையின் முன்வரைவை வெளியிட்டனர். தங்கத்தில் பொதிந்த வெள்ளி நுண்துகள்களால் ஆன பொருள், இயல்பான வளிமண்டல அழுத்தத்திலேயே 236 கெல்வினில், அதாவது சுழிக்குக் கீழ் 37 டிகிரி செல்சியசில், மீக்கடத்தியின் பண்புகளைக் காட்டுவதாக அதில் கூறினர். தங்கமும் வெள்ளியும் தனித்தனியே நல்ல கடத்திகளாயினும், இயல்பு நிலையில் மீக்கடத்திகளாக அறியப்பட்டவை அல்ல. ஆகவே இவ்வறிவிப்பு உலகெங்கும் கவனம் பெற்றது.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் இருந்த பிரையன் ஸ்கின்னர், கட்டுரையின் வரைபடத்தில் ஒரு விந்தையைக் கண்டார். எந்த அளவீட்டிலும், நீரின்மேல் சிற்றலைபோல், சிறு ஏற்ற இறக்கங்கள் இருக்கும். இதனை இரைச்சல் என்பர். இரைச்சலுக்கு ஒழுங்கு இல்லை. இருமுறை அளந்தால் இருமுறையும் வேறுவேறாகவே வரும். ஆனால் வெவ்வேறு காந்தப்புலங்களில் எடுக்கப்பட்ட இரு தரவு வரிசைகளில் ஒரே ஏற்ற இறக்கம் திரும்ப வந்திருந்தது. இது எவ்வாறு நேர்ந்தது என்று அறிவியலாளர்கள் வினவினர். இதற்கு இயற்பியல் விளக்கம் ஏதேனும் உண்டா என்றும் விவாதித்தனர்.

ஆய்வாளர்கள் தம் கருத்தில் உறுதியாக நின்றனர். 2019 மே மாதம் மேலும் பல ஆய்வாளர்கள் இணைந்து, கூடுதல் தரவுகளுடன் விரிவாக்கிய கட்டுரையை வெளியிட்டனர். எனினும் உலக அறிவியலாளர்கள் ஏற்கும் வகையில், பிற ஆய்வகங்களின் உறுதிப்பாடு அதற்குக் கிட்டவில்லை. இங்கு நாம் கற்க வேண்டியது ஒருவரைக் குறைகூறுவது அன்று. ஒரு வரைபடத்தில் யாரும் பொருட்படுத்தாத சிறு புள்ளிகளைக்கூட ஊன்றி நோக்கும் கண்கள் வேண்டும் என்பதே. தரவுகள் வெளியிடப்பட்டிருந்ததால்தான் அவ்வாறு நோக்கவும் முடிந்தது.

எல்கே-99: ஒரு மாத ஆரவாரம்

2023 ஜூலையில் தென்கொரியாவின் சியோல் நகரிலிருந்து வந்த அறிவிப்பு இன்னும் பெரியது. சுக்பே லீ, ஜி-ஹூன் கிம் ஆகியோரின் குழு, எல்கே-99 என்னும் பொருள் 400 கெல்வின் வரை, அதாவது 127 டிகிரி செல்சியஸ் வரை, மீக்கடத்தியாக விளங்குவதாகக் கூறியது. காந்தத்தின் மேல் அப்பொருளின் ஒரு முனை தூக்கி நிற்கும் காட்சி உலகெங்கும் பரவியது.

எல்கே-99 தாமிரம் கலந்த ஈய அபடைட்டு ஆகும். அபடைட்டு என்னும் கனிமக் குடும்பம் நமக்கு அயலானதன்று. நம் பற்களுக்கும் எலும்புகளுக்கும் உறுதி தருவது அக்குடும்பத்துக் கனிமமே. பெரம்பலூர் மாவட்டத்துக் காரைப் பகுதியின் களிமண் படிவுகளில் கிடைக்கும் பாஸ்பேட் உருண்டைகளிலும் அது உண்டு. அவற்றில் கால்சியம் இருக்கும் இடத்தில் ஈயம் இருப்பது ஈய அபடைட்டு. அவ்வீயத்தில் சிறு பகுதிக்கு மாற்றாகத் தாமிரம் புகுந்ததே எல்கே-99.

அதனைச் செய்யும் முறை எளியது. ஆகவே பல நாடுகளில் உடனே செய்து பார்த்தனர். புதுதில்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் வீ. பி. எஸ். அவானாவின் குழு, வெளியிடப்பட்ட முறைப்படி 925 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் அப்பொருளை ஆக்கியது. எக்ஸ் கதிர்ச் சோதனை, விரும்பிய படிகமே கிடைத்தது என்று காட்டியது. ஆயினும் அறை வெப்பநிலையில் அது காந்தத்தின் மேல் மிதக்கவில்லை. மீக்கடத்தலுக்கான சான்றும் தென்படவில்லை. அறிவிப்பு வெளிவந்து சில நாள்களிலேயே இம்முடிவை அக்குழு வெளியிட்டது.

'மின்தடை திடீரெனக் குறைந்ததே, அது எதனால்?' என்னும் வினா எஞ்சியது. கொரியக் குழுவின் தரவில் அவ்வீழ்ச்சி 105 டிகிரி செல்சியசுக்கு அருகில் நிகழ்ந்திருந்தது. அமெரிக்காவில் பணிபுரியும் வேதியியலாளர் பிரசாந்த் ஜெயினுக்கு அந்த எண் பழகியதாக இருந்தது. எல்கே-99ஐ ஆக்கும் வேதிவினையில் தாமிரமும் கந்தகமும் மிஞ்சுகின்றன. அவை சேர்ந்து காப்பர் சல்பைடு ஆகின்றன. அக்காப்பர் சல்பைடு ஏறத்தாழ அதே வெப்பநிலையில் தன் படிக அமைப்பை மாற்றிக்கொள்ளும். பெய்ஜிங்கில் உள்ள சீன அறிவியல் கழகத்தின் இயற்பியல் நிறுவனம் அளந்து பார்த்தபோது, காப்பர் சல்பைடு கலந்த மாதிரியின் மின்தடையெண் 385 கெல்வின் அளவில் ஆயிரம் மடங்குக்கும் மேல் வீழ்ந்தது, ஆனால் சுழியாகவில்லை. ஒரு முனை தூக்கி நிற்பதற்கு, மாதிரியில் இருந்த இரும்பு போன்ற ஃபெர்ரோ காந்தப் பண்பே போதும் என்று பீக்கிங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினர். இறுதியாக, ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகர மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில் மாசற்ற ஒற்றைப் படிகத்தை வளர்த்தனர். ஊதா நிறத்தில் ஒளி ஊடுருவும் அப்படிகம் மீக்கடத்தி அன்று. மின்சாரத்தைத் தடுக்கும் காப்பான்.

குன்னத்து உருண்டைகளை இப்போது மீண்டும் நினைத்துப் பாருங்கள். மின்தடையின் திடீர் வீழ்ச்சி மீக்கடத்தியிடத்தும் உண்டு. காப்பர் சல்பைடிடத்தும் உண்டு. காந்தத்தின் மேல் எழுவது மீக்கடத்தியிடத்தும் உண்டு. ஃபெர்ரோ காந்தத்திடத்தும் உண்டு. இரண்டும் அநைகாந்திகமே. மின்தடை முற்றிலும் மறைதல், உள்ளிருந்த காந்தப்புலம் முழுமையாக வெளியேறல் ஆகிய இரண்டும் ஒரே மாதிரியில், ஒரே வெப்பநிலையில் சேர்ந்து நிகழ்ந்து, பிற ஆய்வகங்களிலும் அவ்வாறே நிகழுமாயின், அப்போதுதான் ஏது வலிமை பெறுகிறது.

புகழ்மிக்க இதழில் வெளிவந்துவிட்டது என்பதும் முடிந்த முடிவன்று. அமெரிக்காவின் ராச்செஸ்டர் பல்கலைக்கழகக் குழுவொன்று அறை வெப்பநிலை மீக்கடத்தல் பற்றி 'நேச்சர்' இதழில் 2020இலும் 2023இலும் வெளியிட்ட இரு கட்டுரைகள், தரவு பற்றிய ஐயங்களால் முறையே 2022இலும் 2023இலும் திரும்பப் பெறப்பட்டன.

கல்லமேட்டு எலும்பு

ஐயுறுவதும் ஓர் எல்லைக்கு உட்பட்டதே என்பதை அரியலூர் நமக்குக் கற்பிக்கிறது. கல்லமேட்டில் கிடைத்த மிகப் பெரிய எலும்புகளை இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் யாதகிரி, அய்யாசாமி ஆகியோர் 1980களில் விவரித்து, 'பிருகத்காயோசாரஸ்' எனப் பெயரிட்டனர். பேருடல் கொண்ட பல்லி என்பது அதன் பொருள். கால் எலும்பு ஒன்று மட்டும் ஏறத்தாழ 2 மீட்டர் நீளம் இருந்தது. உலகில் வாழ்ந்த விலங்குகளுள் மிகப் பெரியவற்றில் ஒன்றாக இது இருக்கலாம் என்று பின்னர்ப் பேசப்பட்டது.

ஆனால் அவ்வெலும்புகள் மிக நொய்ந்தவை. காப்பாற்ற இயலாமல் சிதைந்து அழிந்தன. நேரில் கண்டு சோதிக்கப் பொருளே இல்லாத நிலையில், அவை எலும்புகள்தாமா, கல்மரத் துண்டுகளா என்று வெளிநாட்டு அறிஞர் சிலர் ஐயுற்றனர். கல்மரங்கள் கிடைக்கும் பகுதியாதலின் அவ்வையம் பொருளற்றது அன்று. 2022இல் பால், அய்யாசாமி ஆகியோர், அகழ்ந்தபோது எடுத்த, அதுவரை வெளிவராத ஒளிப்படங்களை வெளியிட்டனர். அவை எலும்புகளே என்னும் கருத்து அதனால் வலுப்பெற்றது. எனினும் எலும்பையே கையில் ஏந்திக் காட்ட இனி எவராலும் இயலாது. உண்மையான கண்டுபிடிப்பாயினும், சான்று காக்கப்படாவிடில், அது பல ஆண்டுகள் ஐயத்திற்குள் கிடக்க நேரிடும்.

ஆய்வகத்தில் வளர்த்த படிகமாயினும் வயலில் கிடைத்த கல்லாயினும் முறை ஒன்றே. கிடைத்த இடத்தைக் குறித்தல், எடுத்த அளவுகளை மறைக்காமல் வெளியிடல், மாதிரியைக் காத்தல், பிறர் சோதிக்கக் கொடுத்தல் ஆகிய நான்கும் சான்றின் தூண்கள். உங்கள் ஊர் ஓடையிலும் வரப்பிலும் நாளை ஒரு விந்தையான கல் கிடைக்கலாம். அதனை உடைத்துப் பார்க்கவோ வீட்டுக்கு எடுத்துச் செல்லவோ வேண்டா. கிடந்த நிலையிலேயே ஒளிப்படம் எடுத்து, இடத்தைக் குறித்து, உங்கள் ஆசிரியரிடம் கூறுங்கள். அது முட்டையாக இல்லாமற் போகலாம். ஆனால் அது யாது என்பதை உறுதியாக அறியும் வழி திறந்தே இருக்கும்.

தெரிந்து தெளிவோம்

• மீக்கடத்தி வளையத்தில் ஒருமுறை தூண்டப்பட்ட மின்னோட்டம் ஓர் இலட்சம் ஆண்டுகளுக்குக் குறையாமல் நீடிக்கும் என 1963இல் செய்த ஆய்வொன்று கணித்தது.

• தாமிர ஆக்சைடு மீக்கடத்திகளை விளக்கும் கோட்பாட்டை 1987இல் பி. டபிள்யூ. ஆண்டர்சன் முதலியோருடன் இணைந்து உருவாக்கியவர், சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தில் பணியாற்றிய இயற்பியலாளர் ஜி. பாஸ்கரன்.

• கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம், மீக்கடத்தியால் ஆன ஸ்குவிட் உணரிகளை உருவாக்கியுள்ளது. இதயமும் மூளையும் தோற்றுவிக்கும் மிக நுண்ணிய காந்தப்புலங்களை இவற்றால் அளக்கலாம்.

கற்பவை கற்றபின்

1. 'காந்தத்தின் மேல் மிதத்தலால் இப்பொருள் மீக்கடத்தி' என்னும் கூற்றில் உள்ள ஏதுப்போலியை விளக்குக.

2. நான்கு முனை முறையில் தவறான சுழி மதிப்பு எவ்வாறு கிடைக்கக்கூடும்?

3. எல்கே-99 பற்றிய சோதனைகளில் தில்லி, பெய்ஜிங், ஸ்டுட்கார்ட் ஆய்வகங்கள் கண்ட முடிவுகளைத் தொகுத்து எழுதுக.

4. குன்னத்து உருண்டைகள், கல்லமேட்டு எலும்புகள் ஆகிய இரு நிகழ்வுகளிலும் சான்று பெற்ற இடத்தை ஒப்பிட்டு ஒரு பக்க அளவில் கட்டுரை வரைக.

5. அண்மையில் உங்களுக்குக் கைப்பேசி வழி வந்த அறிவியல் செய்தி ஒன்றைத் தேர்ந்து, அதில் காட்டப்பட்ட ஏது யாது, அது போலியா அன்றா என்பதை வகுப்பில் கலந்துரையாடுக.